முகில்மணிக் கோவையின் பதினான்காம் பாட்டு

"திருட்டுப் பாட்டு" என்றார் ஏகாம்பரப் பண்டிதர். "நிரூபித்துவிட்டால் இவனை ஊரை விட்டே அனுப்புவதாக மகாராஜா வாக்குக் கொடுக்க வேண்டும்."

கொன்றையூர் மகாராஜா கொடுத்துவிட்டார். முதலில் வாக்கு, பிறகு யோசனை. அவர் வழக்கம் அப்படி.

சபை நடுவில் பேச்சிமுத்து நின்றான். அரண்மனைப் பாட்டுக்காரன். நாற்று நடுகிறவளும் சரி, தேர் இழுக்கிறவனும் சரி, கொன்றையூரில் அவன் கட்டின பாட்டைத்தான் பாடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பான், ஆனால் இரண்டாவது ஓலைக்குள் தூங்கிவிடுவான். அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. மறைத்திருக்கலாம். இப்போது அதுதான் வினையாக வந்து நின்றது.

"நேற்று இவன் பாடினது என்ன?" பண்டிதர் விரலை ஆட்டினார். "'வடிச்ச சோறும் நானும் ஒண்ணு, நீ வரும் வரைக்கும் ஆவி போகும்.' ஆவி என்றால் சோற்றின் ஆவி. ஆவி என்றால் உயிர். அருமையான சிலேடை. பத்து வருஷம் ஏட்டோடு புரண்டவனுக்குத்தான் இது வரும். ஏட்டைத் தொடாதவனுக்குத் திருடினால்தான் வரும்."

"சிலேடைன்னா என்ன சாமி?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

சபை சிரித்தது. அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாது.

"எங்கே எடுத்தாய், அதைச் சொல்" என்றார் மகாராஜா.

"சத்திரத்துல சோறு வடிக்கிற கருப்பாயி அக்கா புருஷனைத் திட்டினா, மகாராஜா. 'சாப்பிட வாய்யா, சோத்துக்கும் ஆவி போகுது, எனக்கும் ஆவி போகுது'ன்னா. எனக்குப் பிடிச்சுப்போச்சு. ஊரை ஒரு சுத்து சுத்தினா இந்த மாதிரி நாலு கிடைக்கும். சண்டை நடக்கிற இடமாப் பார்த்து நின்னா ஏழெட்டு கிடைக்கும். நாள் முழுக்க முணுமுணுத்துக்கிட்டே இருப்பேன். நாக்குல நிக்கிறது பாட்டு. வழுக்குறதை விட்டுடுவேன்."

"சோறு வடிக்கிறவள் சிலேடை பேசுகிறாளாம்" என்றார் பண்டிதர். "அவளைக் கூப்பிட்டால் இவனுக்காகப் பொய் சொல்வாள். இரண்டு பேரும் ஒரே தெரு."

இந்த ஊரை விட்டுப் போனால் பேச்சிமுத்துவின் கதை முடிந்தது. வேற்றூர்ச் சண்டையெல்லாம் அவனுக்கு விளங்காது.

"சரி சாமி, நேத்துப் பாட்டு எந்த நூல்ல இருக்கு?"

"அது… பல நூல்களில் இருக்கிறது."

"ஒன்றின் பெயரைச் சொல்லும்" என்றார் மகாராஜா.

பண்டிதர் தொண்டையைக் கனைத்தார். பெயர் வரவில்லை. அந்த ஒரு கனைப்பு பேச்சிமுத்துவுக்குப் போதும்.

"போகட்டும் மகாராஜா. இன்னைக்குக் காலையில ஒண்ணு கட்டினேன். இதுக்காவது சாமி நூலைச் சொல்லட்டும். சொல்லிட்டா நானே மூட்டையைக் கட்டுறேன்."

மகாராணி உட்கார்ந்திருந்த திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, குரலை உயர்த்திப் பாடினான்:

விடிய விடிய இடி இடிச்சே, என் சாமி,
சொட்டு மழை உண்டா சொல்லு.

மகாராஜாவின் கை மீசைக்குப் போனது. அப்படியே நின்றுவிட்டது. பண்டிதர் அதைப் பார்க்கவில்லை. ஒரு தரம் தடுமாறியாயிற்று, இன்னொரு தரம் தடுமாறக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்தார்.

"முகில்மணிக் கோவை" என்றார் பட்டென்று. "ஏழாம் பகுதி, பதினான்காம் பாட்டு. எழுநூறு வருஷத்து நூல். தலைவனுக்காகக் காத்திருக்கும் தலைவி மேகத்தைப் பார்த்துப் புலம்புகிறாள். இடி, அவன் கொடுத்த வாக்கு. பெய்யாத மழை, அவன் காட்டாத அன்பு. இதைப் படித்துவிட்டு நான் மூன்று நாள் அழுதேன்."

"அழுதீரா?" என்றார் மகாராஜா மெதுவாக.

"தேம்பித் தேம்பி, மகாராஜா."

பேச்சிமுத்து கைகட்டிக்கொண்டான். "காலையில அடுக்களை வாசல்ல பொங்கலுக்கு நின்னேன் மகாராஜா. உள்ளே ஒருத்தர் தூக்கம் கெட்ட கோபத்துல இன்னொருத்தர்கிட்ட சொன்னது காதுல விழுந்தது. யாரு, யார்கிட்டன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றார் மகாராஜா அவசரமாக.

இதுதான் ஆபத்தான இடம். மகாராஜா உண்மையைச் சொன்னால் அவர் குறட்டை விடுகிறவர் என்று ஊருக்கே தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் பேச்சிமுத்து எல்லையைத் தாண்ட வேண்டியதுதான். ராஜாவாகப் பிறந்தவருக்கு இதில் எது சுலபம்? மகாராஜா இருமினார். "வாக்குக் கொடுத்தாயிற்று…" என்று இழுத்தார்.

திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது.

"பண்டிதரே, அந்த நூலுக்கு எத்தனை வயசு சொன்னீர்?" மகாராணியின் குரல்.

"எழுநூறு, தாயே."

"சரியாத்தான் சொன்னீர். இவரோடு குடித்தனம் நடத்தினதில் எனக்கும் அவ்வளவு வயசு ஆன மாதிரிதான் இருக்கிறது. காலையில் இவர் குறட்டையைப் பற்றி அதைச் சொன்னது நான்தான்."

முதலில் சிரித்தது மகாராஜாதான். வேறு வழியில்லை. அவர் சிரித்ததும் தூண் அதிர எல்லாரும் சிரித்தார்கள்.

"மகாராஜா, இருக்கிற நூலையே நான் படிச்சதில்லை" என்றான் பேச்சிமுத்து. "சாமி இல்லாத நூலையே படிச்சுட்டு மூணு நாள் அழுதிருக்காரு. படிப்புன்னா அது படிப்பு."

மகாராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் கிடந்த தங்கக் காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"என் சபைப் பண்டிதர் புளுகினார் என்று பக்கத்து ராஜ்யத்தில் பேசக் கூடாது. ஆகையால் முகில்மணிக் கோவை என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். பண்டிதரே, ஏழு பகுதியையும் எழுதும். ஆறு மாதம் தவணை. பேச்சிமுத்து, அவர் எழுதி முடித்ததும் முதல் ஓலையிலிருந்து கடைசி ஓலை வரைக்கும் நீ படிக்க வேண்டும். கட்டளை."

"உத்தரவு" என்றார்கள் இரண்டு பேரும்.

பண்டிதர் சோறு தண்ணீர் மறந்து எழுதினார். ஆறு மாதத்தில் நானூறு ஓலை. மஞ்சள் பூசி, பட்டுக் கயிற்றில் கட்டி, தாமே தலையில் சுமந்துபோய்ப் பேச்சிமுத்துவின் வீட்டில் இறக்கிவைத்தார்.

பேச்சிமுத்து படிக்கவில்லை. இரண்டாவது ஓலைக்குள் தூங்கிவிட்டான்.