மூன்று மொட்டை

மண்டையோட்டு அறுவை சிகிச்சை படிக்க வந்த இளம்பரிதிக்கு அளப்பதென்றால் உயிர். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் நெற்றியைக் கண்ணாலேயே அளந்துவிட்டு வந்த ஆள். பச்சைப் பிள்ளையின் தலை எலும்புகள் காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டால், மண்டை வளர வழியில்லாமல் ஒரே வாக்கில் நீளும். அதை அளக்கும் காலிப்பர் எப்போதும் அவன் கோட்டுப் பையில் இருக்கும்.

அன்று முத்துப்பேச்சி ஏழு மாதக் குழந்தையோடு வந்தாள். கூடவே புருஷன், கொழுந்தன். குலதெய்வக் கோயிலில் முடியிறக்கி மூன்று நாள் ஆகிறது. முடி போனபிறகுதான் பிள்ளையின் தலை முன்னும் பின்னும் நீண்டிருப்பது அவள் கண்ணில் பட்டது. அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இளம்பரிதி நாலு தடவை அளந்தான். குழந்தை காலிப்பரைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பிடுங்கித் துடைத்து ஐந்தாவது தடவையும் அளந்தான். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் அறுபத்தெட்டு. குறைந்தது எழுபத்தைந்து இருக்க வேண்டும்.

"எலும்பு ஒட்டிக்கிட்டிருக்கும்மா. மண்டையைத் திறந்துதான் சரி பண்ணணும்."

முத்துப்பேச்சிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "நான் பிள்ளையைப் படுக்கப் போட்டது சரியில்லையா டாக்டர்?"

அவன் ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தான்.

அவனுடைய குரு டாக்டர் எஸ்தர் நவமணி கதவருகே நின்று எல்லாம் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"யாரு இது?"

"அறுபத்தெட்டு, மேடம்."

"பேரைக் கேட்டேன்."

"சொரிமுத்து," என்றாள் தாய்.

எஸ்தர் கையைக் கழுவிவிட்டு, குழந்தையின் உச்சியில் ஒற்றை விரலை வைத்து முன்னிருந்து பின்னுக்கு மெதுவாக ஓட்டினார்.

"ஒட்டியிருந்தா இங்க வரப்பு மாதிரி தட்டும். தட்டலை. நீ தடவிப் பாத்தியா?"

"அளந்தேன், மேடம்."

"அப்ப அவரையும் அள."

அவர் கைகாட்டிய பக்கம் இளம்பரிதி அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தான். சந்தனம் காய்ந்த இரண்டு மொட்டைகள். இரண்டும் குழந்தையின் தலையையே பெரிதாகச் செய்து வைத்த மாதிரி இருந்தன.

புருஷன் பணிவாகக் குனிந்தார். அறுபத்தெட்டு. யாரும் கேட்காமலே கொழுந்தனும் குனிந்தார். அறுபத்தேழு.

"எனக்கு மட்டும் ஏன் சார் கம்மி?" என்றார் கொழுந்தன் மனத்தாங்கலோடு.

முத்துப்பேச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த மண்டைக்கா நான் மூணு நாளா பட்டினி கெடந்தேன்?"

"மாசாமாசம் கொண்டு வா, நான் தடவிப் பாக்கறேன். இப்ப கத்தி வேண்டாம்," என்றார் எஸ்தர். "முதல்ல போய்ச் சாப்பிடு."

அவர்கள் போனதும் இளம்பரிதி காலிப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவமானமாக இருந்தது.

"என் அளவு எங்க மேடம் தப்பாப் போச்சு?"

"அளவுல ஒரு தப்பும் இல்லை. அஞ்சு தடவையும் சரி."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு கண்ணீரோட உன்கிட்ட ஒண்ணு கேட்டா. நீ இன்னும் பதில் சொல்லலை. பஸ் ஸ்டாப்புலதான் நிப்பாங்க, போ. மூணு மொட்டை, தூரத்துலேயே தெரியும்."