எந்தக் கணக்கிலும் இல்லாதவள்

அடிப்பிடித்த கஞ்சி அண்டாவைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே சொல்கிறேன். கை நின்றால் எனக்கு வாயும் நின்றுவிடும்.

மடத்துச் சாமியிடம் போய் ஒரு கேள்வி கேட்டேன்.

“சாமி, நான் யாரு?”

சாமிக்கு என் தம்பி வயசுதான் இருக்கும். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பெரிய கேள்வியா இருக்கே, சீனித்தாய்.”

“அந்தப் பெரிய கேள்வி இல்ல சாமி. நூல் மில்லை மூடுனதுல இருந்து வீட்டுலதான் கிடக்கேன். கணக்கெடுக்க வந்த சார், போன வாரம் வேலை தேடுனியான்னு கேட்டாரு. இல்லன்னேன். மூடுன மில்லுல போய் என்னத்தத் தேட? தேடுனாத்தான் வேலையில்லாதவளாம், அப்ப நீ வேலையில்லாதவ இல்லன்னுட்டாரு.”

“அப்ப வேலையில இருக்கவளா?”

“அதுவும் இல்லையாம்.”

சாமி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“மாடத்தி அக்கா கல்யாண வீட்டுக்கு ஒரு மணி நேரம் பூக்கட்டிக் குடுத்துச்சு. அது வேலையில இருக்காம்.”

சாமி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நம்ம ஊர்ல வேலையில்லாதவங்க குறைஞ்சிட்டாங்கன்னு டிவியில சொல்லியாச்சு. அதனால நிவாரண அரிசியை இந்த மாசத்தோட நிறுத்துறாங்களாம். எம் பிள்ளைக்கு அந்த அரிசிதான் சாமி.”

சாமி தன் சீடர் தவசியைக் கூப்பிட்டார்.

மடத்தில் ஒரு வழக்கம். பசித்தவர் யாரும் உண்டா என்று வாசலில் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் சாமி சோற்றில் கை வைப்பார்.

“கேட்டாச்சா, தவசி?”

“ஆச்சு சாமி. இப்பல்லாம் யாருமே வர்றதில்ல. ஊர்ல பசி தீர்ந்துபோச்சு.”

“எங்க நின்னு கேட்ட?”

“வாசல்லதான். ஆடு நுழையுதேன்னு கதவைச் சாத்திட்டு, உள்ள நின்னு கேட்டேன்.”

சாமி இலையைத் தள்ளி வைத்தார். என்னைப் பார்த்தார்.

“நீ போய்க் கேட்டுட்டு வா.”

“நானா? எனக்குச் சத்தமே வராது சாமி.”

“எனக்குப் பசிக்குது. வெரசாப் போ.”

எங்கள் தெரு முழுக்க மில்லில் வேலை பார்த்தவர்கள்தான். நடுத்தெருவில் நின்றேன்.

“பசிக்குறவங்க யாராவது இருக்கீங்களா?”

முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு ஜன்னல் திறந்தது. அந்தோணியம்மா அக்கா.

“ஏட்டி, என்ன கேள்வி கேக்க? எங்க வீட்டுல உலை வைக்கலன்னு ஊருக்குத் தண்டோரா போடுதியா?”

ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. அக்கா மேல் இல்லை.

“வேலை வேணுங்கறவங்க யாரு?”

அப்படி ஒரு சத்தம் என் தொண்டைக்குள் கிடந்தது எனக்கே தெரியாது.

ஒரு கதவு திறந்தது. பிறகு எதிர் வீடு. பிறகு தெரு முழுக்கத் திறந்தது. அந்தோணியம்மா அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“எங்கட்டி வேலை?”

“வேலை இல்லக்கா. ஆனா உனக்கு வேணுமா?”

“வேண்டாமலா தலைகூட முடியாம ஓடி வந்திருக்கேன்?”

எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். மடத்து முற்றத்தில் நிற்க இடமில்லை. தவசிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இத்தனை பேரும் இவ்வளவு நாளா எங்க இருந்தாங்க சாமி?”

சாமி எழுந்து போனார். மடத்துக் கதவைக் கீலோடு தூக்கிக் கழற்றினார். சுவரில் சாய்த்து வைத்தார். திரும்பி வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

“இனி நாங்க என்ன செய்யணும் சாமி?”

“என்னை எதுக்குக் கேக்க? கூப்பிட்டது நீ.”

மறுநாளிலிருந்து மில் வாசலுக்கு வந்துவிடுகிறோம். இங்கேயே கஞ்சி காய்ச்சுகிறோம். காலையில் பூட்டின கேட்டைத் தட்டி, வாட்ச்மேனிடம் ஒவ்வொருத்தியாகக் கேட்போம்.

“அண்ணே, வேலை இருக்கா?”

“மூடுன மில்லுல ஏதும்மா வேலை? தினமும் வந்து உசிரை வாங்குதீங்களே.”

“தேடுறோம்ணே. தேடலன்னு யாரும் எழுதிரக் கூடாதுல்ல.”

கலைந்து போகச் சொல்லிப் போலீஸ் வந்தது. போகவில்லை. பிள்ளைகளோடு வந்தால் கேஸ் போடுவோம் என்றார்கள். பிள்ளைகளை வீட்டில் யாரிடம் விட? கூட்டிக்கொண்டுதான் வந்தோம்.

இன்றைக்கு டிவிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். யாராவது ஒருத்தி பேச வேண்டுமாம். நான் அண்டாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அந்தோணியம்மா அக்கா விடவில்லை.

“ஏ சீனித்தாய்! உன்னத்தான் கூப்பிடுதாங்க, வாட்டி!”

“சேலை எல்லாம் கரியா இருக்கேக்கா.”

“இருக்கட்டும். நல்லாத் தெரியட்டும்.”

எழுந்துவிட்டேன். மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறவர் ஏதோ கேட்கப் போகிறார். கேட்கட்டும். நான் பதில் சொல்ல வரவில்லை, கேட்கத்தான் வருகிறேன். முதலில் அவரைத்தான், ஐயா, வேலையில்லாதவங்க குறைஞ்சிட்டாங்கன்னு நீங்க நியூஸ் வாசிச்ச அன்னிக்கு எங்க தெருவுல ஒரு வீட்டுக் கதவையாவது தட்டி—