கிளிக்குறிச் சீட்டு போன இடம்

நாவற்பட்டணத்தில் யாரிடமாவது வழி கேட்டால் அன்றைய பொழுது போச்சு. "எண்ணெய்க் கடையா? நேராப் போங்க, ரெண்டாவது அரச மரத்துல திரும்புங்க, செவலை மாடு கட்டின வீட்டைத் தாண்டி..." என்று ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கும். எண்ணெய் வாங்கப் போனவர் குயவர் தெருவில் நின்று முழிப்பார்.

அரசவை விகடகவி கூத்தபிரான் இதற்கு ஒரு யோசனை செய்தான். ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறி வைத்தான். எண்ணெய்க் கடைக்கு மீன், புடவைக் கடைக்கு மயில். அந்தக் குறிகளைத் தெருமுனைச் சுவர்களில் எல்லாம் வரைந்தான். வழி கேட்பவர் கையில் ஓலை நறுக்கில் ஒரு மீனைக் கிறுக்கிக் கொடுப்பான். சுவரில் மீனைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கடை வந்துவிடும். சீட்டைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பத்துப் பேர் வந்தால், அதில் ஒருவர் வாங்கும் அளவு சரக்கு அனுப்பியவருக்குத் தரகு. மன்னர் வேட்டுவராயரே இதைச் சட்டமாக்கி முத்திரை குத்தியிருந்தார்.

கூத்தபிரான் வீட்டில் பணியாரம் எண்ணெயில் நீந்தியது. அவன் மனைவி கட்டிய புடவையை மறுநாள் கட்டுவதில்லை. அமைச்சர் பஞ்சநதத்துக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அவரும் தம் மைத்துனரின் வெல்ல மண்டிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துப் பார்த்தார். ஈயைத் தவிர யாரும் போகவில்லை.

ஒருநாள் சபையில் அமைச்சர் எழுந்தார்.

"மன்னா, இவன் நல்ல கடைக்குத்தான் சீட்டு கொடுக்கிறான். அங்கே ஜனங்கள் தாமாகவே போவார்கள். இதில் இவன் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? யாருமே போக விரும்பாத இடத்துக்கு அனுப்பட்டும், பார்க்கலாம்."

"அப்படி எந்த இடம்?"

"நம் சிறைச்சாலை!"

மன்னருக்கு இந்த மாதிரி விபரீதம் என்றால் கற்கண்டு.

"கூத்தபிரான்! நாளைப் பொழுது சாய்வதற்குள் நூறு பேர் கையில் சீட்டோடு தாமாகச் சிறைக்குள் வர வேண்டும். பொய் சொல்லி அழைக்கக் கூடாது. சீட்டு எங்கே போகிறது என்று நீங்கள் இருவருமே வாய் திறக்கக் கூடாது. தோற்றால் சீட்டுத் தொழில் அமைச்சருக்கு. நீர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்."

கூத்தபிரான் சிறைக்குக் கிளிக்குறி போட்டான். சுவர்களில் வரைந்தான். நூறு சீட்டுகளைச் சந்தை மண்டபத் தூணில் தொங்கவிட்டான். மறுநாள் விடிந்தது. உச்சிப்பொழுதும் வந்தது. ஒரு ஆடு மட்டும் வந்து சீட்டை மோந்து பார்த்தது. அதுவும் போய்விட்டது.

"கூத்தபிரான் வாயால சொல்லாத கடைக்கு எவன் போவான்?" என்று ஜனங்கள் வெற்றிலை மென்றார்கள்.

கூத்தபிரான் தூணடியில் உட்கார்ந்தான். பிறந்த ஊரைவிட்டு எங்கே போவது? மாமியார் வீட்டுக்கா? அதைவிடச் சிறையே தேவலை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு ஒரே ஓட்டமாக அமைச்சர் வீட்டுக்குப் போய் அவர் காலில் விழுந்தான்.

"ஐயா! நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். கிளிச்சீட்டை எடுக்காதே என்று தண்டோரா மட்டும் போட்டுவிடாதீர்கள்! போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்!"

பஞ்சநதம் பழுத்த பலாவைப் பார்த்தவர்போல் சிரித்தார். "அப்படியா சங்கதி?" என்றார். கூத்தபிரான் தெருமுனை தாண்டுவதற்குள் தண்டோரா கிளம்பிவிட்டது.

"டம் டம் டம்! இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், கிளிக்குறிச் சீட்டை யாரும் தொடக் கூடாது! கிளி காட்டும் வழியே யாரும் போகக் கூடாது! அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கவும் கூடாது! அமைச்சர் பஞ்சநதத்தின் உத்தரவு! டம் டம்!"

சந்தையே எழுந்து நின்றது.

"ஏண்டி, அமைச்சரு எதையோ ஒளிக்கிறாருடி!"

"அவரு மச்சினன் மட்டும் ராத்திரியே போயிட்டு வந்திருப்பான்!"

"தள்ளுய்யா, எனக்கொரு சீட்டு!"

தூணைச் சுற்றி அடிதடி. ஒருவன் வேட்டி கிழிந்தது. நூறு சீட்டும் பறந்தன. சுவர்க் கிளிகளைப் பார்த்து ஊர்வலமாக ஓடினார்கள். முன்னால் போனவர் என்ன இடம் என்று பார்த்துத் திரும்ப நினைத்தாலும், பின்னால் வந்தவர் "நீ மட்டும் பார்த்துட்டு வர்றியா?" என்று தள்ளிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

பொழுது சாயும் நேரம் மன்னர் வந்தார். சிறைக்காவலர் காளத்தி வியர்க்க விறுவிறுக்க நின்றார்.

"மகராசா, நூறு பேர் உள்ளே. சீட்டு கிடைக்காத பதிமூணு பேர் வாசல்ல சண்டை போடுறாங்க."

பஞ்சநதத்தின் முகம் சுருங்கியது. அடுத்த நொடியே மலர்ந்தது.

"மன்னா! கூத்தபிரானே ஜெயித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டம் சட்டம்தான். பத்துப் பேருக்கு ஒருவர் சரக்கு தரகு. இங்கே கிடைக்கும் சரக்கு சிறைவாசம். இந்த நூறு பேருக்கும் சிறைக் கணக்கில் இன்று ஒருநாள் ஏறியது. நூறு பேருக்குப் பத்துப் பேர் சரக்கு, ஆகவே அனுப்பியவருக்குப் பத்து நாள் சிறை. தரகைக் குறைத்தால் மன்னர் முத்திரைக்கு மதிப்பேது?"

மன்னர் தாடையைச் சொறிந்தார். முத்திரை அவருடையதுதான்.

கூத்தபிரான் பணிவாகக் கைகட்டினான். "அமைச்சர் சொன்னது நியாயம் மன்னா. ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம். ஆனால் கடைக்காரர் வழக்கமாக ஒன்று கேட்பாரே, அதையும் கேட்டுவிடுங்கள்."

"என்ன கேட்பார்?"

"'உங்களை அனுப்பியது யார்?' என்று."

மன்னர் கம்பிக்குப் பின்னால் நின்ற மோர்க்காரி வெள்ளையம்மாவைப் பார்த்தார். "உன்னை இங்கே அனுப்பியது யாரம்மா? கூத்தபிரானா?"

"அவரா? காலையிலேருந்து ஊமையாட்டம்ல நின்னாரு! தண்டோரா போட்டுத் தெருத்தெருவா எங்களைக் கிளப்பிவிட்டது அமைச்சரு சாமி! அவரு போகாதேன்னாரா, அப்ப நல்ல இடமாத்தானே இருக்கும்னு வந்தோம்!"

"ஆமா, அமைச்சருதான்! அமைச்சருதான்!" என்று நூறு வாயும் கத்தின.

"எனக்குத் தரகே வேண்டாம் மன்னா!" என்று பஞ்சநதம் அலறினார்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார். நூறு பேரையும் விருந்துக்கு அனுப்பச் சொன்னார். காலியான சிறையின் கதவைக் காளத்தி அகலத் திறந்து, அமைச்சரை வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டார்.

"வாங்க ஐயா, வாங்க! இத்தனை வருசத்துல தரகு கேட்டு இங்கே வந்த முதல் ஆள் நீங்கதான். நல்லதாப் பார்த்து நீங்களே ஒரு அறையை எடுத்துக்குங்க!"