ஒரு விசிலில் ஒரு குளியல்

சங்கரலிங்கம் நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் அவர் மனைவி கோமதிக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். பொய் சொல்கிறாரே என்று அல்ல. அது கேட்டுக் கேட்டுப் பழகிய காதுதான். அந்தப் பொய்யை அப்புறம் வீட்டில் யார் சுமப்பது என்பதுதான் அவள் கவலை. ஒருமுறை, தன் மனைவி ஒரு படி அரிசியில் ஒரு கல்யாணத்துக்கே சமைப்பாள் என்று ஆபீஸில் அளந்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸே பசியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. அன்று அவள் பட்ட பாடு அடுப்புக்குத்தான் தெரியும்.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பும்போதே அவரை வாசலில் நிறுத்திச் சொன்னாள்.

"நாளைக்கு நம்ம மக வடிவு கைப்பிள்ளையோட ஆஸ்பத்திரியில இருந்து வாரா. பச்ச உடம்பு. பிள்ளையக் குளிப்பாட்டணும், துணி அலசணும், வெந்நீர் ஓயாம வேணும். தண்ணி நான் கேட்டுக்கிடுதேன். நீங்க வாயத் தொறக்கப்படாது."

"நான் எதுக்குட்டி பேசப்போறேன்?" என்றார் சங்கரலிங்கம். அதைச் சொல்லும்போது அவர் முகம் நிஜமாகவே அப்பாவியாக இருந்தது. அங்கேயே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்கு நதிக்கரை நகர் என்று பெயர். நதியும் கிடையாது, கரையும் கிடையாது. அந்தக் கோடையில் போர்வெல்லிலும் ஒன்றும் கிடையாது. மோட்டாரைப் போட்டால் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. இத்தனை நாள் தினம் இரண்டு லாரி தண்ணீர் வந்து, மாடித் தொட்டி நிரம்பி, வீட்டுக் குழாய்களில் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் ஒன்றுதான் என்று லாரிக்காரர் கையை விரித்துவிட்டார். அந்த ஒற்றை லாரியை எப்படிப் பங்கு போடுவது என்பதற்குத்தான் கூட்டம்.

கார் நிறுத்துமிடத்தில், மோட்டார் ரூம் சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சங்கத் தலைவி எஸ்தர் டீச்சர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றாலும் கைப்பையில் சாக்பீஸ் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். சுவரிலிருந்த அறிவிப்புப் பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

"தலைக்கு ரெண்டு குடம். ஒவ்வொரு வீட்டிலயும் எத்தனை தலைன்னு சொல்லுங்க. பச்சைக் குழந்தையும் ஒரு தலைதான்."

அவ்வளவுதான், நதிக்கரை நகரில் ஜனத்தொகை ஏறத் தொடங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்த வீடுகளில் திடீரென்று பெரியப்பாக்கள் முளைத்தார்கள். எதிர் ஃபிளாட்டு முபாரக், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், தன் வீட்டில் ஆறு பேர் என்றார்.

"நீங்களும் உங்க மிஸஸும்தானே?" என்றார் டீச்சர்.

"மாமியார் வந்திருக்காங்க டீச்சர். மச்சான், அவன் பிள்ளைங்க..."

"எப்ப வந்தாங்க?"

"வந்துட்டே இருக்காங்க."

கோமதி மட்டும் உள்ளதைச் சொன்னாள். தான், வீட்டுக்காரர், மகள், பேத்தி. நாலு தலை, எட்டுக் குடம். டீச்சர் பலகையில் எட்டு என்று எழுதினார். அந்தப் பலகையில் இருந்த ஒரே உண்மை அதுதான். எட்டைப் பார்த்ததும் கோமதிக்கு உயிர் வந்தது. வந்த காரியம் முடிந்துவிட்டது, இந்த மனுஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

அதற்குள் டீச்சர் கூட்டல் போட்டு முடித்திருந்தார். "இதுக்கு ரெண்டு லாரி போதாது. இருக்கிறது ஒண்ணு. யாராவது மனசு வச்சுக் குறைச்சுக்கங்கப்பா."

எல்லாரும் தத்தம் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். வராத மச்சானுக்குத் தண்ணீர் வாங்கியது முபாரக்குக்கே கொஞ்சம் உறுத்தியதோ என்னவோ, எழுந்து நின்றார். "எங்க வீட்ல ஏசியில சொட்டுற தண்ணிய வாளியில பிடிச்சு வச்சுத்தான் வீடு துடைக்கிறோம். ஒரு குடம் குறைச்சுக்குங்க டீச்சர்."

"சபாஷ்!" என்றார் டீச்சர். கூட்டம் கை தட்டியது.

கோமதி குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். தன் கண்ணெதிரே இன்னொருத்தனுக்குக் கைத்தட்டு விழுந்தால் அவள் வீட்டுக்காரருக்குத் தாங்காது. பக்கத்து நாற்காலி கிரீச்சென்றது. சட்டை நுனியை எட்டிப் பிடித்தாள். கையோடு ஒரு பொத்தான்தான் வந்தது.

"ஏசித் தண்ணியா?" என்று சிரித்தார் சங்கரலிங்கம். "அது வெளியில இருந்து வார தண்ணிலா தம்பி. எங்க வீட்ல உள்ள தண்ணி வெளியவே போவாது, பாத்துக்கிடுங்க. அரிசி களைஞ்ச தண்ணியில காய் கழுவுவோம். அதுலயே பாத்திரம். அதுலயே தரை. அதைத் துளசிக்கு ஊத்தினா, தொட்டிக்கு அடியில ஒரு தட்டு வச்சிருக்கேன். வடிஞ்சு வந்தா பன்னீர் மாதிரி இருக்கும். திரும்ப அரிசிக்கு. பொங்கலுக்குப் பிடிச்ச ஒரு குடம் இன்னும் ஓடுது. இப்பல்லாம் நாங்க தூக்கி ஊத்துதது கூட இல்ல. 'சரி, நேரமாச்சு'ன்னா அதுவா எந்திரிச்சு அடுப்படியில இருந்து குளியலறைக்குப் போயிரும். ரேஷன் கார்டுல அதுக்கும் ஒரு பேரு சேத்துரலாம்னு இருக்கேன்."

"அண்ணாச்சி, விடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றார் முபாரக். கூட்டம் சிரித்தது.

சிரிக்காதது கோமதி ஒருத்திதான். காலையில் இவர் பல் தேய்க்கும்போது திறந்துவிடுகிற குழாய், சவரம் முடிந்து, பேப்பர் படித்து முடிக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அவள் அதை மூடுவதற்கென்றே தினம் ஒரு நடை நடக்கிறாள். குடத்துக்கு ரேஷன் கார்டில் பேர் சேர்க்கப் போகிறாராம், குடத்துக்கு!

"அப்படின்னா உங்களுக்கு ஒரு குடம் குறைச்சுக்கலாமா சார்?" என்று டீச்சர் சாக்பீஸை எடுத்தார்.

"தாராளமா!"

எட்டு ஏழானது. அந்த நிமிஷம் முபாரக் சிரிப்பை நிறுத்தினார். அவருக்கு வியாபார மூளை. இந்த மனுஷன் ஒரு பொய் சொன்னால் மற்ற வீடுகளுக்கு ஒரு குடம் கிடைக்கிறது என்பது பளிச்சென்று பிடிபட்டுவிட்டது.

"நான் பேசினது தப்பு அண்ணாச்சி," என்றார் பணிவாக. "நாங்க சின்னப் பசங்க. நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறோம்."

சங்கரலிங்கத்தின் மார்பு விரிந்தது. "குப்பையை எடுத்துக்கிடுங்க. எங்க வீட்ல குப்பைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பீர்க்கங்காயில தோலைத் துவையல் அரைப்போம்..."

"அது எல்லா வீட்லயும் அரைக்கறதுதானே," என்றார் டீச்சர்.

"தோலைத் துவையல் அரைப்பீங்க. துவையல் ஒட்டின அம்மியைக் கழுவி ரசம் வைப்பீங்களா? நாங்க வைப்போம். மிச்சம் மீதி மண்தொட்டியில போட்டா உரம். அந்த உரத்துக்கு வீரியம் எப்பிடிங்கீங்க? போன மாசம் கத்திரிச் செடி நட்டேன். காய் பறிச்சுப் பிளந்து பாத்தா உள்ள உப்பு, காரம், பெருங்காயம் எல்லாம் கணக்கா இருக்கு. நல்லெண்ணெய் மட்டும்தான் நாம ஊத்தணும். குப்பை வண்டிக்காரர் வந்து எங்க வாசல்ல நின்னு அழுதாரு. 'சார், ஒரு காகிதமாவது போடுங்க, என் பொழப்பு என்னாவறது'ன்னாரு. பாவம்னு பக்கத்து வீட்ல கடன் வாங்கிப் போட்டேன்."

"ஆமா, எங்க வீட்லதான் வாங்கினார்!" என்று கூவினார் முபாரக். "குப்பையே இல்லைன்னா குப்பைக்கூடை கழுவுற வேலை இல்ல. டீச்சர், அந்தத் தண்ணி மிச்சம்தானே?"

ஏழு ஆறானது. கோமதி அவர் வேட்டியை இழுத்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று, வேட்டி அவருக்கு அடுத்த அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது.

"வேட்டின்னதும் ஞாபகம் வருது. என் கல்யாண வேட்டி இன்னும் உபயோகத்துல இருக்கு, பாத்துக்கிடுங்க. கிழிஞ்சதும் துண்டாக்கினேன். துண்டு நைஞ்சதும் இட்லித் துணி. இட்லித் துணி இத்துப்போனதும் கரித்துணி. கரித்துணியைத் திரியாத் திரிச்சு விளக்கேத்தினோம். விளக்குக் கரியைச் சுரண்டி விளக்கெண்ணெயில குழைச்சு மை கூட்டி வச்சிருக்கேன். நாளைக்கு என் பேத்தி வாரா. அவ கண்ணுக்கு அதான் மை. பிள்ளை அழுதா கன்னத்துல என் கல்யாண வேட்டி வழியும்!"

எஸ்தர் டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சார், இதை நான் எப்படி நம்பறது?"

"என்ன டீச்சர் நீங்க?" நாலு பக்கமிருந்தும் குரல் எழுந்தது. "ஒரு பெரிய மனுஷர் சொல்றார், நம்பணும்!" "அவர் முகத்தைப் பாருங்க, பொய் சொல்ற முகமா அது?" "துணியே மிச்சம் இல்லைன்னா துவைக்கிற தண்ணி எதுக்கு?"

ஆறு நாலானது. கோமதி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். முந்தாநாள் வரை இந்த மனுஷனைப் புளுகு மூட்டை என்று மாடிப்படியில் வைத்துக் கேலி செய்தவர்கள் இவர்கள். இன்றைக்குச் சத்தியவான் ஆக்கிவிட்டார்கள். ஊர் முழுக்கப் பொய் சொல்லித் தண்ணீர் வாங்குகிறது. என் தலையெழுத்து, இவர் ஒருத்தர் பொய் சொல்லி இருக்கிற தண்ணீரையும் விடுகிறார் என்று நினைத்தாள். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"குளிக்கிறதுக்கு மட்டும் தண்ணி வேணுமே அண்ணாச்சி," என்று முபாரக் தூண்டிலைப் போட்டார்.

"எதுக்கு?" என்றார் சங்கரலிங்கம். "எங்க வீட்ல குளியல் குக்கர் விசில்லதான். பருப்பு வைக்கிற நேரத்துக்குத் துண்டைக் கட்டிக்கிட்டு அடுப்பு முன்னால நிக்கணும். முத விசிலுக்கு உடம்பு நனையும். ரெண்டாவது விசிலுக்கு முன்னால சோப்பு. மூணாவது விசில்ல சுத்தம். துவரம்பருப்புன்னா மேலுக்கு மட்டும். எண்ணெய் தேச்சுத் தலைக்குக் குளிக்கணும்னா கொண்டைக்கடலை போடணும். அதுக்குத்தான் விசில் கூட வரும். முந்தின நாளே ஊறப் போட்டிரணும்."

"அதான் லிஃப்ட்ல இவர் பக்கத்துல நின்னா பசிக்குது!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். நாலு ஒன்றானது.

ஒரே ஒரு குடம் பலகையில் நின்றது. கோமதி அவரையே பார்த்தாள். போதும், இதோடு நிறுத்திவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் பார்வை அவள் பக்கம் வரவில்லை. அது கூட்டத்தின் கைகளில் இருந்தது.

"குடிக்க?" என்றார் முபாரக், மெதுவாக.

"குடிக்கவா!" சங்கரலிங்கம் கடைசி முறையாகக் கனைத்துக்கொண்டார். "எதிர் வீட்ல நீங்க மடக் மடக்னு தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டாலே எங்களுக்குத் தாகம் அடங்கிரும் தம்பி. ரெண்டு மடக்கு கூடக் கேட்டுட்டா எனக்கு நடு ராத்திரியில எந்திரிக்க வேண்டியிருக்கு!"

கை தட்டல் கார் ஷெட் கூரையை அதிர வைத்தது. டீச்சர் பெருமூச்சு விட்டு ஒன்றை அழித்துச் சைபர் போட்டார். அந்தச் சைபரைப் பார்த்த பிறகுதான் சங்கரலிங்கத்துக்கு வீடும் மகளும் பேத்தியும் ஞாபகத்துக்கு வந்தார்கள். சிரித்த வாய் அப்படியே நின்றது. உட்கார்ந்தார். கோமதி பக்கம் திரும்பாமலே, "என்னட்டி செய்ய?" என்றார் காற்றோடு காற்றாக.

கோமதி எழுந்தாள். கூட்டம் அடங்கியது. இந்தம்மா புருஷனைப் புளுகன் என்று சபையில் சொல்லப் போகிறாள், அப்படிச் சொன்னால் தாங்கள் எல்லாரும் அவருக்காகப் பேச வேண்டியதுதான் என்று முபாரக் தயாரானார்.

"அவுஹ சொன்னது அத்தனையும் சத்தியம்," என்றாள் கோமதி.

சங்கரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ண மட்டும் சொல்லாம விட்டுட்டாஹ. அவுஹளுக்குத் தன்னைப் பத்திப் பெருமை பேச வராது. இதெல்லாம் அவுஹ மட்டும் செய்யுதது. எனக்கு அந்த வித்தை படியல. நான் பாட்டுக்கு மோந்து ஊத்திக் குளிக்கிற சாதாரண மனுஷி. என் மகளும் அப்பிடித்தான். நாளைக்கு வார பிள்ளைக்குப் பத்து நாள்கூட ஆகல, விசில் சத்தம் கேட்டா பயந்துரும். அதனால அவுஹ தலைக்கு உள்ள ரெண்டு குடத்தை எடுத்துக்கிடுங்க. எங்க மூணு தலைக்கு ஆறு குடம் எழுதிருங்க டீச்சர்."

"அதெப்படி?" என்று பாய்ந்தார் முபாரக். "அண்ணாச்சி சும்மா அடிச்சு விட்டார், அதை..."

"அடிச்சு விட்டாரா?" என்று திரும்பினார் டீச்சர். "அப்ப அவர் ரெண்டு குடத்தையும் சேர்த்து எட்டாவே எழுதிடவா?"

முபாரக் மறுபடியும் செருப்பைப் பார்த்துக்கொண்டார். டீச்சர் சைபரை அழித்து ஆறு போட்டு, கீழே ஒரு கோடு இழுத்தார். "முபாரக், நாளைக்குக் காலையில லாரி வரும்போது உங்க மாமியார், மச்சான் எல்லாரையும் வரிசையில நிக்கச் சொல்லுங்க. தலை எண்ணித்தான் தருவேன்."

மறுநாள் புதன்கிழமை. வடிவு பிள்ளையோடு வந்து இறங்கினாள். ஆறு குடமும் அடுக்களையில் வரிசையாக நின்றன. வெந்நீர் கொதித்தது, பிள்ளை குளித்தது, பால் குடித்துத் தூங்கியது. நீட்டிய காலின் மேல் போட்டுக் குளிப்பாட்டும்போது அது கையை உதறிச் சிரித்த மாதிரி இருந்ததைப் பார்த்து, கோமதிக்கு நேற்றைய கோபமெல்லாம் கரைந்துவிட்டது. கொஞ்சத்தைத் தவிர.

சங்கரலிங்கம் புதன்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர். பேத்தி வந்த குஷியில் அன்றைக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெயைப் பூசி, தலையில் சீயக்காயையும் குழைத்து அப்பிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி குளியலறைக்குள் போனார். குழாய் புஸ்ஸென்றது. பாட்டு நின்றது.

"கோமதி! கண்ணு எரியுதுட்டி! தண்ணி!"

அடுக்களையில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"வாங்க வாங்க, ஒண்ணு ஆயிட்டு!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள் கோமதி. "ஆனா துவரம்பருப்புதான் வச்சிருக்கேன். தலைக்குக் குளிக்கணும்னா நேத்தே சொல்லியிருக்கணும், கொண்டைக்கடலை ஊறப் போட்டிருப்பேன்."