முள் ஏறாத கார்

“ஹீட்டரப் போட்டா ஐஸ் காத்து அடிக்குது தாயி. நானும் நாலு நாளா தலைகீழா நின்னு பாத்துட்டேன்.”

இதைச் சொன்ன சீடனுக்கு வயது ஐம்பத்தேழு. கேட்டுக்கொண்டிருந்த குருவுக்கு முப்பத்து நான்கு.

சீடன் சீனிராஜ், கோவில்பட்டியில் இருபத்தேழு வருஷமாகக் கார் பட்டறை வைத்திருப்பவர். குரு ரெஜினா, ஊட்டியிலிருந்து மஞ்சூர் போகிற சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறைக்காரி. ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கிடம் போய் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதுவும் தன் சொந்தக் காரோடு. மனுஷர் கூனிக் குறுகித்தான் வந்திருந்தார்.

ரெஜினா டீயைக் குடித்துக்கொண்டே கேட்டாள். “என்னென்ன பாத்தீங்கண்ணா?”

“ஃபேன் சுத்துது. தண்ணி நெறைய இருக்கு. குழாய்ல காத்து அடைச்சிருக்கோன்னு வண்டிய மேட்டுல மூக்கத் தூக்கி நிறுத்தி, காத்தையும் வெளியேத்திட்டேன். ஹீட்டரயே கழத்திக் கழுவி மாட்டிட்டேன். ஒண்ணும் வேலைக்காகல.”

“அவசரமா?”

சீனிராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“எம் பேத்தி எட்டாம் மாசமே பொறந்துட்டா. இருபத்து மூணு நாள் ஊட்டி ஆஸ்பத்திரியில கெடந்து இப்பத்தான் தேறியிருக்கா. இன்னைக்கு மூணு மணிக்கு மஞ்சூர் வீட்டுக்கு அனுப்புறாங்க. போய்ச் சேர்ற வரைக்கும் வண்டிக்குள்ள கதகதன்னு இருக்கணும், இல்லன்னா இன்னும் பத்து நாள் இங்கயே இருக்கட்டும்னுட்டாரு டாக்டர்.”

“டாக்சி?”

“லீவுக்கு வந்த கூட்டம் ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போயிருச்சு. எம் மக பொன்ராணி பையெல்லாம் கட்டி வச்சிட்டு வாசலயே பாத்துட்டு இருக்கா. நான் கொண்டுபோய் விடுறேன்னு வாக்குக் குடுத்துட்டேன் தாயி.”

மணி அப்போது பதினொன்றரை. டிசம்பர் மாதத்து வெயில் மஞ்சளாக அடித்தது, ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ரெஜினா பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்பேனரைத் தொடவில்லை. வளைவு வரை ஓட்டிப் போய்த் திரும்பி வரச் சொன்னாள். சீனிராஜ் போய் வந்தார்.

“முள்ளு எங்க நிக்குது?”

இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள். அதைக் கேட்டதும் வந்ததிலிருந்து முதல்முறையாக சீனிராஜின் முகம் மலர்ந்தது.

“அது கீழதான் கெடக்கும். ஏறவே ஏறாது. நம்ம கை பட்ட வண்டி கொதிச்சதா சரித்திரமே கிடையாது. சித்திரை வெயில்ல ரோட்டோரம் ஆவி விட்டுக்கிட்டு நிக்கிற வண்டியெல்லாம் எங்கிட்டதான் வரும்.”

“இந்த வண்டி?”

“ஒருநாளும் சூடானதில்ல.”

“இன்ஜின் சூட்டத்தான ஹீட்டரு உள்ள தள்ளும்? சூடே ஆகாத வண்டிகிட்ட சூடு கேட்டா, பாவம், அது எங்க போகும்ணா?”

சீனிராஜ் காருக்குள் குனிந்து இன்னொரு தடவை முள்ளைப் பார்த்தார். கீழேதான் கிடந்தது.

ரெஜினா உள்ளே போய் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து எடுத்து வந்தாள். காரின் முகப்புக்குள் அதைச் செருகி, ரேடியேட்டருக்குக் காற்றே படாதபடி மறைத்தாள்.

சீனிராஜ் பதறிப்போனார். “என்ன தாயி பண்ணுற! இன்ஜின் வெந்துரும்!”

“உக்காருங்க.”

“வேணாம் தாயி, எடுத்துரு.”

“உக்காருங்கண்ணா. முள்ளப் பாருங்க.”

உட்கார்ந்தார். இன்ஜின் ஓடியது. முள் அசைந்தது.

இருபத்தேழு வருஷமாக எதை ஏறவிடாமல் பார்த்துக்கொண்டாரோ, அது அவர் கண் முன்னாலேயே மெதுவாக மேலே ஏறியது. கை தானாகச் சாவிக்குப் போனது. ரெஜினா ஜன்னல் வழியே கையை விட்டு அந்தக் கையைத் தடுத்தாள்.

முள் பாதிக்கு வந்தது.

சீனிராஜின் கன்னத்தில் இதமான காற்று பட்டது. பிறகு நல்ல சூடாகவே அடித்தது. அவர் இரண்டு கையையும் காற்று வரும் துவாரத்தில் வைத்தார். எடுக்க மனசு வரவில்லை.

“வருது தாயி! வருது!”

“அந்த வால்வு எங்கண்ணா?” என்றாள் ரெஜினா.

சீனிராஜ் கையைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டார்.

எலுமிச்சம்பழம் அளவில் ஒரு பித்தளை வால்வு அது. இன்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்தி வைக்கும். சூடானதும் வழி விடும். கொதித்து நிற்கிற வண்டி எது வந்தாலும் சீனிராஜ் முதலில் அதைத்தான் பிடுங்குவார். தடுக்க ஆளில்லாமல் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், முள் ஏறாது, வாடிக்கையாளர் கும்பிட்டுவிட்டுப் போவார். வெயிலூரில் ஹீட்டரைத் தேடுகிறவர் யார்? இந்தக் காரை வாங்கிய அன்றைக்கே, அது கொதிக்காத வண்டியாக இருந்தும், முன்ஜாக்கிரதையாக அதைக் கழற்றியிருந்தார்.

“கோவில்பட்டியில ஒரு டப்பாவுல கெடக்கு” என்றார். குரல் இறங்கியிருந்தது. “நூத்துக்கணக்கான வால்வுக கூட.”

“ம்.”

“இந்த அட்டையோடயே கொண்டுபோயிடவா?”

“ஏத்தத்துல கொதிச்சிரும். அட்டைக்கு மூடத்தான் தெரியும், தெறக்கத் தெரியாது.”

சொல்லிவிட்டு அலமாரியைக் கிளறி, அவர் காருக்குப் பொருந்துகிற புது வால்வு ஒன்றை எடுத்தாள். மாட்டுவதற்குப் பதிலாக அடுப்பைப் பற்ற வைத்தாள். டீ போடுகிற சட்டியில் தண்ணீர் ஊற்றி, வால்வை ஒரு கம்பியில் கட்டி அதற்குள் தொங்கவிட்டாள்.

“எதுக்கு தாயி? நேரமாகுதே.”

“பாருங்க.”

சீனிராஜ் குனிந்து பார்த்தார். தண்ணீர் வெதுவெதுப்பானது. வால்வு மூடியே இருந்தது. சட்டியின் அடியில் குமிழி கட்டியது. மூடியே இருந்தது. ஆவி கிளம்பி அவர் கண்ணாடியை மறைத்தது. துடைத்துப் போட்டுக்கொண்டார்.

வால்வு திறந்தது.

யாரும் தொடவில்லை. தூங்கி எழுகிற பிள்ளை கண் திறக்கிற மாதிரி, நிதானமாக, தானாகவே திறந்தது. ரெஜினா கம்பியைத் தூக்கிக் குளிர்ந்த தண்ணீரில் விட்டாள். மூடிக்கொண்டது.

நூற்றுக்கணக்கான வண்டிகளில் அதைப் பிடுங்கிப் போட்டிருப்பார். ஒரு தடவைகூட அது திறந்து அவர் பார்த்ததில்லை.

“இன்னொரு தடவை காட்டு தாயி.”

காட்டினாள்.

மூன்றாம் தடவை அவரே கம்பியை வாங்கிப் பிடித்துக்கொண்டார். திறந்ததும் ஐம்பத்தேழு வயசு ஆள் வாய்விட்டுச் சிரித்தார்.

“மாட்டுறது நான் மாட்டுறேன்” என்றார்.

ரெஜினா ஸ்பேனரை நீட்டினாள். அவர் கழற்றியே பழகிய இடத்தில், முதல்முறையாக ஒரு வால்வை வைத்து இறுக்கினார். தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, வளைவு வரை ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தார். முள் பாதிக்கு ஏறி அங்கேயே நின்றது. அட்டையை எடுத்து ரெஜினா குப்பையில் போட்டாள்.

கிளம்பும் முன் கோவில்பட்டிக்கு போன் போட்டார். பட்டறையைப் பார்த்துக்கொள்கிற பால்ச்சாமி எடுத்தார்.

“அண்ணாச்சி, நல்ல நேரத்துல கூப்பிட்டீக. ஒரு வண்டி கொதிச்சு வந்து நிக்குது. வழக்கம்போல வால்வத் தூக்கிரட்டுமா?”

“தொடாத.”

“அப்பறம் என்ன செய்ய?”

“ஏன் கொதிக்குதுன்னு பாரு.”

இப்படியொரு யோசனையை அண்ணாச்சி வாயிலிருந்து பால்ச்சாமி கேட்டதேயில்லை.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் கார் தயாராக நின்றது. டாக்டரே வந்து கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். தலையசைத்தார். கம்பளி, குல்லா, சால்வை என்று ஏழு சுற்றுச் சுற்றிய ஒரு சின்ன மூட்டையோடு பொன்ராணி பின்சீட்டில் ஏறினாள்.

வெளியே மூடுபனி சாலையை மறைத்தது. சீனிராஜ் விளக்கைப் போட்டுக்கொண்டு உருட்டினார். கண் சாலைக்கும் முள்ளுக்கும் மாறி மாறிப் போனது.

பாதி வழியில் பின்சீட்டிலிருந்து சரசரவென்று துணி அவிழ்கிற சத்தம் கேட்டது. முதலில் சால்வை. பிறகு கம்பளி. பிறகு குல்லா.

“என்ன தாயி? என்னாச்சு?” என்றார் சீனிராஜ் பயந்துபோய்.

“அப்பா, அதக் கொஞ்சம் கொறைங்க. பாப்பாவுக்கு வேர்க்குது.”