திருமாறனின் வயல்

திருமாறன் மறுபடியும் கடைவரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். கடைக்காரருக்கு அவர் முகம் பழகிவிட்டது. "இன்னைக்காவது எடுத்துடுவீங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். அந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் உறையூருக்கு வண்டியைத் திருப்பினார்.

உறையூரில், மாவு மில்லுக்கு மேலே இருந்த மாடியறையில் நாச்சியார் இருந்தார். முன்பு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். இப்போது அந்த அறையில் சிலர் வந்து அவரோடு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். திருமாறனைவிட வயதில் இளையவர். என்றாலும் மற்றவர்களைப் போல திருமாறனும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

நாச்சியார் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அற்ப விஷயம்."

"கேளுங்க."

"என் பொண்ணுக்கு ஒரு வீடியோ கேம் கன்சோல் வாங்கலாமா, வேண்டாமா?"

"அவகிட்ட இல்லையா?"

"இருக்கு. இது ரெண்டாவது."

நாச்சியார் பாயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். திருமாறனும் உட்கார்ந்து சொன்னார்.

அவரும் மனைவி சுகந்தியும் பிரிந்துவிட்டார்கள். மகள் மகிழினி ஸ்ரீரங்கத்தில் அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமைகளில் சுகந்தி ஸ்கூட்டரில் கூட்டிவந்து, கே.கே. நகரில் இவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவாள். வண்டியை விட்டு இறங்கமாட்டாள். மகிழினி பள்ளிப் பையில் கன்சோலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவாள். டி.வி.யில் மாட்டுவாள். அப்பாவும் மகளும் ஆடுவார்கள். மாலையில் மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு போவாள்.

"போன மாசம் ஒருநாள் ஒயரை மறந்துட்டு வந்துட்டா. நான் கடை கடையா ஏறி இறங்கினேன். வாங்கிட்டு வந்து பார்த்தா, அம்மாவுக்கு ஃபோன் பண்ணிட்டு ஷூ மாட்டிக்கிட்டு நிக்கறா. அன்னைக்குத் தோணுச்சு, ஒண்ணு வாங்கி இங்கேயே வெச்சிட்டா என்னன்னு."

"அப்புறம்?"

"சுகந்திகிட்ட சொன்னேன். 'அவளை உங்க பக்கம் இழுக்கவா?'ன்னு கேட்டா. அப்படி நான் நினைக்கவே இல்லை. அவ கேட்டதும், ஒருவேளை அதுக்குத்தானோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஆபீஸ்ல ஒருத்தர், 'கஞ்சத்தனம் பண்ணாதீங்க, வாங்கிப் போடுங்க'ங்கறார். வாங்கினா, அவ எனக்காக வர்றாளா மெஷினுக்காக வர்றாளான்னு தெரியாது. வாங்கலைன்னாலும் தெரியாது."

"பொண்ணு என்ன சொல்றா?"

"உங்க இஷ்டம்ப்பாங்கறா. இப்பல்லாம் எது கேட்டாலும் அதுதான். அம்மாகிட்டயும் அதே பதில்தானாம்."

கீழே மில் ஓடத் தொடங்கியது. அது நின்றதும் நாச்சியார் கேட்டார்.

"அதுல என்ன ஆடுவீங்க?"

"விவசாயம்."

"ரெண்டு பேருமா?"

"ஆமா டீச்சர். ஒரு ஊரு இருக்கும். ஆளுக்கொரு வயல். அவ சொல்ற பட்டனை நான் அமுக்குவேன்."

"உங்க வயல்ல என்ன விளையுது?"

திருமாறனுக்குப் புரியவில்லை. "கேம்லயா?"

"கேம்லதான்."

யோசித்துப் பார்த்தார். பச்சையாக ஏதோ இருந்தது நினைவுக்கு வந்தது. கன்சோல் மாடல்களும் அவற்றின் வித்தியாசங்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இது தெரியவில்லை.

"தெரியலையே."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

நாச்சியார் எழுந்து பாய்களைச் சுருட்டப் போய்விட்டார். படியிறங்கும்போது, தன் கேள்வி டீச்சருக்குச் சரியாகப் புரியவில்லையோ என்று திருமாறன் நினைத்தார். கேள்வியைத் தான் சரியாகக் கேட்கவில்லையோ என்றும் நினைத்தார்.

சனிக்கிழமை மகிழினி வந்தாள். துண்டைப் பிரித்தாள். ஒயரை மாட்டினாள்.

"மகி, என் வயல்ல என்ன போட்டிருக்கு?"

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நிஜமாவே கேக்கறீங்களா?"

"நிஜமாத்தான்."

"பூசணி. ஆத்தோரமா கத்தரி. நீங்க போட்டதுதாம்ப்பா. போட்டுட்டு மறந்துட்டீங்க."

திரையில் ஊர் வந்தது. அவருடைய வயலில் பூசணிக் கொடி வேலிவரை படர்ந்திருந்தது.

"எப்பவோ போட்டது. காய்ஞ்சு போயிருக்கணுமே?"

"நான் தண்ணி விடறேன்ல. ஸ்கூல் விட்டு வந்ததும் முதல்ல உங்க வயலு. அப்புறம்தான் என்னோடது."

"தினமுமா?"

"ஒருநாள் விடலைன்னாலும் வாடிடும்ப்பா."

திருமாறன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வயலின் நடுவில் அவருக்கான ஆள் நின்றிருந்தான். தலையில் வைக்கோல் தொப்பி.

"இந்தத் தொப்பி எப்ப வந்துது?"

"அம்மா போடச் சொன்னாங்க."

"யாரு?"

"அம்மாதான். ஒருநாள் பக்கத்துல வந்து உக்காந்து, 'இது யாரு, மொட்டை வெயில்ல நிக்கறது?'ன்னாங்க. அப்பான்னேன். அப்புறம், 'ஒரு தொப்பியாவது போட்டு விடேன்'ன்னாங்க."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று திருமாறனுக்குத் தெரியவில்லை. சுகந்தி அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாளா, எரிச்சலில் சொன்னாளா? மகளிடம் கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

"மகி, ஒண்ணு வாங்கி இங்கேயே வெச்சிடட்டுமா? உனக்குத் தூக்கிட்டு வர்ற வேலை மிச்சம்."

வழக்கமான பதிலை எதிர்பார்த்தார். மகிழினி கன்ட்ரோலரை மடியில் வைத்தாள்.

"புதுசுல நம்ம ஊரு இருக்காதேப்பா."

"அப்ப வேண்டாமா?"

"வேண்டாம்னு சொல்லலை. ரெண்டு இருந்தா, நெட்ல நீங்க இங்கிருந்தே நம்ம ஊருக்குள்ள வரலாம். நான் ஸ்ரீரங்கத்துல இருப்பேன். நீங்க பக்கத்து வயல்ல நிப்பீங்க."

"அட, அது நல்லதுதானே?"

"நல்லதுதான்." நகத்தைக் கடித்தாள். "ஆனா வர்றேன்னு சொல்லிட்டு நீங்க வரலைன்னா? இப்பன்னா நீங்க வரமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நானே தண்ணி விட்டுடுவேன். அப்புறம்னா, வருவீங்களா வருவீங்களான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்."

திருமாறனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள், "பூசணி பழுத்துடுச்சு, அறுங்கப்பா. அந்தப் பட்டன் இல்லை, இது," என்றாள். அறுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஆபீசிலிருந்து சீக்கிரமே கிளம்பி உறையூருக்குப் போனார். மாடியறையில் வேறு யாரும் இல்லை. நாச்சியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"பூசணியும் கத்தரியும் டீச்சர்."

நாச்சியார் தலையசைத்தார்.

திருமாறன் எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் விடுவதை, தொப்பியை, மகிழினி நகத்தைக் கடித்துக்கொண்டு சொன்னதை.

"வாங்கினா நான் தினமும் போகணும். ஒருநாள் போகலைன்னாலும் குழந்தை காத்துக்கிட்டு இருப்பா. ஆபீஸ் இருக்கு, ஆடிட் வருது. என்னால முடியுமான்னு தெரியலை. வாங்கலைன்னா அவளே தண்ணி விட்டுக்கிட்டு இருப்பா. இவ்வளவும் தெரிஞ்சப்புறம் அதை எப்படி அப்படியே விட்டுடறது? முன்னே ஒரு கேள்விதான் இருந்துது. இப்ப எத்தனைன்னே தெரியலை. நீங்களாவது சொல்லுங்க டீச்சர். வாங்கலாமா, வேண்டாமா?"

கீழே தெருவில் பள்ளி வேன் ஒன்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. நாச்சியார் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மகிழினி வீட்டுக்கு வந்திருப்பாளா?"

"இந்நேரம் வந்திருப்பா."

"என்ன பண்ணிக்கிட்டிருப்பா?"

திருமாறன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் வயலுக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருப்பா."

"நீங்க?" என்றார் நாச்சியார்.