நீர்நாய் செய்த சத்தியம்

காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. அந்த ஏரிக்கரைக்குச் சிலம்பாயி என்ற நீர்நாய் வயிற்றுப் பிள்ளையோடு வந்து சேர்ந்தாள்.

அவள் பிறந்தது தூரத்து ஆற்றில். அங்கே ஒரு முதலை வைத்ததுதான் சட்டம். காலையில் ஒன்று சொல்லும், மாலையில் வேறொன்று சொல்லும். ஒருநாள், "இந்த மடு இனிமேல் என்னுடையது!" என்றது. அது தெரியாமல் அங்கே மீன் பிடிக்கப் போன சிலம்பாயியின் புருஷன் திரும்பி வரவேயில்லை. அன்றைக்கே அவள் ஆற்றை விட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஏரியில் நடப்பு வேறு. எல்லா உயிர்களும் கூடிப் பேசிச் சட்டம் போட்டிருந்தன. அதை நடத்திவைக்கக் கொம்பையன் என்ற காட்டெருமையைத் தலைவனாக்கியிருந்தன. வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வது ஆமை. அங்கே பிறந்த குஞ்சு குட்டியெல்லாம் ஏரியின் பிள்ளைகள். வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு கோடை முழுக்க எல்லாரோடும் இருந்து, தப்புத்தண்டாவுக்குப் போகாமல் நடந்துகொண்டால், கரைப்பாறையில் ஏறிச் சத்தியம் செய்து ஏரிக்காரர் ஆகலாம்.

சிலம்பாயி அந்தக் கோடையைத் தாண்டினாள். தண்ணீர் வற்றியபோது மற்றவர்களோடு சேர்ந்து நகம் தேயச் சேற்றைத் தோண்டி ஊற்றுக்கண் திறந்தாள். மான்குட்டிகள் குடித்த பிறகே தான் வாய் வைத்தாள். தன் குட்டியையும் அங்கேயே பெற்றாள்.

சத்தியத்துக்கு முதல் நாள் நரி வந்தது. நரி கொம்பையனின் கையாள்.

"அக்கா, நாளைக்கு 'ஏரியின் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன்'னு சொல்லாதே. 'கொம்பையன் சொல்லுக்குக் கட்டுப்படுவேன்'னு சொல்லு!"

"எல்லாரும் கூடி அப்படி மாத்தினீங்களா?"

"எல்லாரும் எதுக்கு? தலைவர் சொன்னா போதாதா? ஒரு வார்த்தைதானே! நாக்கு தேஞ்சா போகும்?"

"சொல்லலைன்னா?"

நரி குட்டியைப் பார்த்தது. "இவன் இங்கே பிறந்தவன், இருப்பான். நீ வந்தவள். போகவேண்டியதுதான்!"

அன்று அவள் இரை தேடவில்லை. குட்டியை நக்கிக்கொண்டே கிடந்தாள். சொல்லிவிட்டால்தான் என்ன? குட்டி பக்கத்திலேயே இருக்கும். ஆனால் கொம்பையனும் ஒருநாள், 'இந்தத் துறை என்னுடையது' என்றால்? அது தெரியாமல் இறங்கப்போவது இந்தக் குட்டிதானே!

மறுநாள் ஏரிக்கரையே கூடியது. சிலம்பாயி குட்டியைக் கீழே விட்டுவிட்டுப் பாறையில் ஏறினாள்.

"பிறந்த ஆற்றை விட்டேன்" என்றபோது அவள் கண் ஆறு இருந்த திசைக்குப் போனது. புருஷனின் எலும்பு கிடக்கும் ஆறு அல்லவா! திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "இந்த ஏரியின் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன். ஏரிக்கு ஆபத்து வந்தால் முன்னால் நிற்பேன்."

"நிறுத்து!" கொம்பையன் காலால் மண்ணைக் கிளறினான். "என் பெயர் எங்கே?"

"ஐயா, சட்டப்படி நீங்க எது சொன்னாலும் கேப்பேன். உங்க சொல்லே சட்டம்னு மட்டும் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட ஒரு ஆத்துலேருந்துதான் ஓடி வந்தேன்."

"வந்தவளுக்கு வாயைப் பார்! குட்டியை விட்டுவிட்டு இப்போதே வெளியே போ!"

கோரைக்குள்ளிருந்து ஒரு நாமக்கோழி கேட்டது: "ஏன் தலைவரே, நாளைக்கு எங்க முட்டையும் உங்க பேரைச் சொல்லித்தான் பொரியணுமோ?"

யாரும் சிரிக்கவில்லை.

ஆமை கழுத்தை நீட்டியது. "இவளை அனுப்ப உமக்கு யார் அதிகாரம் தந்தது?"

"நான் தலைவன்!"

"தலைவனாக்கியது யார்?"

"நாங்க!" என்றன மான்களும் நாரைகளும் முயல்களும்.

"சட்டத்தைக் காப்பேன் என்று நீரும் இதே பாறையில்தான் சத்தியம் செய்தீர். இவள் கோடையைக் கழித்தாள். தப்புச் செய்யவில்லை. சத்தியமும் செய்துவிட்டாள். இனி இவள் ஏரிக்காரி. இதுதான் தீர்ப்பு!"

"இவளைத் துரத்து!" என்று கொம்பையன் நரியைப் பார்த்து உறுமினான்.

சிலம்பாயி இறங்கி ஓடிவந்து குட்டியை வாயில் கவ்விக்கொண்டாள். நரி எழுந்தது. சுற்றிலும் பார்த்தது. ஒரு முயல்கூட வழிவிடவில்லை. திரும்ப உட்கார்ந்துகொண்டது.

கொம்பையன் கொம்பை ஆட்டிப் பார்த்தான். அவன் பக்கம் ஒருவரும் வரவில்லை. கடைசியில் தலையைத் தாழ்த்திக்கொண்டு விலகினான்.

சிலம்பாயி குட்டியை இறக்கிவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"தலைவரே, இன்னைக்கு ஏரிக்கு என்ன வேலை?"

கொம்பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "கிழக்குக் கரை அரித்துக் கிடக்கிறது. மழைக்கு முன்னால் மண் போடவேண்டும்" என்றான் மெதுவாக.

"சரிங்க ஐயா" என்று சொல்லி, அவள் முதல் ஆளாகக் கிழக்கே நடந்தாள்.

ஆளுகிறவனுக்கு அதிகாரம் தருவது சட்டம்தான். அந்தச் சட்டத்துக்கு மேலே ஏறி நிற்க எவருக்கும் அதிகாரம் கிடையாது.